எந்தப் பிராசசர் வேகம்?

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போனால் விராலிமலை. மயில்களுக்கும், முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கத்துக்கும் பேர்போன ஊர். கம்ப்யூட்டர் வரலாற்றில் இந்த ஊருக்கென்று தனி இடம் கிடையாது. ஆனால் 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிறகு, மாநிலத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் அரசுப் பள்ளி ப்ளஸ் டூ பிள்ளைகளின் பைக்குள் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. ஏசர், எச்சிஎல், லெனோவா என்று கம்பெனிகள் பல. அண்ணனுக்குக் கிடைத்தது ஒன்று, இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்குக் கிடைத்தது வேறொன்று. எது வேகம் என்ற வழக்கு வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடும்.

அந்த வழக்குக்கு விண்டோஸ் 7 ஒரு தீர்ப்பும் வைத்திருந்தது. பிராசசர், மெமரி, இரண்டு வகை கிராபிக்ஸ், ஹார்ட் டிஸ்க் என்று ஐந்துக்கும் தனித்தனியே 1.0 முதல் 7.9 வரை மதிப்பெண் போட்டு, அதில் ஆகக் குறைந்ததையே மொத்த மதிப்பெண்ணாகக் காட்டும். பிராசசர் எவ்வளவு வல்லதாக இருந்தாலும் கிராபிக்ஸ் காலை வாரிவிட்டால் கதை முடிந்தது. இரண்டு பிராசசர்களை ஒப்பிட்டுவிட்டதாக நினைத்தவர்கள் உண்மையில் ஒப்பிட்டது வேறெதையோ.

இந்தியாவில் இந்த வழக்குக்கு வயது அறுபதுக்கு மேல். மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். முழு இயந்திரம் 1960இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள், 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகம். 1964இல் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 வந்து இறங்கியது. குழாய்கள் போய் டிரான்சிஸ்டர்கள், 32,768 சொற்கள். அடுத்த ஆண்டோடு டிஃப்ராக்கின் வேலை முடிந்துவிட்டது. எது வேகம் என்று அங்கே யாரும் சோதனை நடத்த வேண்டிய தேவையே இருந்திருக்காது. மலையையும் மடுவையும் அளக்கக் கயிறு எதற்கு? இரண்டும் கிட்டத்தட்ட சமமாக நிற்கும்போதுதான் சண்டை வரும், அளவுகோலும் வரும்.

முதல் அளவுகோல்கள் எளிமையானவை. கூட்டலுக்கு எத்தனை மைக்ரோ நொடி, பெருக்கலுக்கு எத்தனை என்று பார்த்தார்கள். 1959இல் ஐபிஎம்மின் ஜாக் கிப்சன், உண்மையான புரோகிராம்களில் எந்த வகை ஆணை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணி, அந்த விகிதத்தில் ஒரு கலவையைத் தயாரித்தார். 1970களில் பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு புரோகிராமை எழுதினார்கள். அதற்குப் பெயர் தந்தது லெஸ்டர்ஷயரில் உள்ள வெட்ஸ்டோன் என்ற சிற்றூர். அங்கே எழுதப்பட்ட கம்பைலர் (புரோகிராமை இயந்திர ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) ஒன்றை வைத்துத்தான் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் புள்ளிவிவரம் திரட்டியிருந்தார்கள்.

பிறகு வந்ததுதான் வேடிக்கை. 1977இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் வாக்ஸ் 11/780 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. நொடிக்குப் பத்து லட்சம் ஆணைகளை நிறைவேற்றும், அதாவது ஒரு 'மிப்ஸ்' என்று அதை உலகம் ஏற்றுக்கொண்டது. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதற்கு எத்தனை மடங்கு என்று சொல்லிக்கொண்டன. 1984இல் நுணுக்கமாக அளந்து பார்த்தபோது, ஒரு ஆணைக்கு அது சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட கடிகாரத் துடிப்புகளை எடுத்துக்கொள்வது தெரியவந்தது. கடிகாரமோ 5 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் அரை மிப்ஸ் கூட இல்லை! ஆனாலும் அளவுகோலை யாரும் மாற்றவில்லை.

அதே 1984இல் சீமென்ஸ் கம்பெனியின் ரைன்ஹோல்ட் வைக்கர், டிரைஸ்டோன் என்ற சிறிய புரோகிராமை வெளியிட்டார். வாக்ஸ் அதை நொடிக்கு 1,757 முறை ஓட்டியது. இன்றும் ஒரு சிப்பின் விளம்பரத் தாளில் 'டிமிப்ஸ்' என்று போட்டிருந்தால், அது எடுத்த மதிப்பெண்ணை 1,757ஆல் வகுத்திருக்கிறார்கள் என்று பொருள். அலமாரி அளவு பெரிய, எப்போதோ ஓய்வு பெற்ற ஒரு இயந்திரம் இப்படி நம் காலத்துச் சிப்புகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது.

டிரைஸ்டோனில் இன்னொரு சங்கடமும் இருந்தது. விடையை யாரும் பயன்படுத்தப்போவதில்லை என்று கண்டுகொண்ட கெட்டிக்காரக் கம்பைலர்கள், வேலையையே வெட்டி எறிந்துவிட்டு மதிப்பெண்ணை அள்ளின. வைக்கர் அதைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட வேண்டியதாயிற்று. 1988இல் கம்பெனிகளே கூடி ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கி, உண்மையான புரோகிராம்களைக் கொண்டு சோதிக்கப்போவதாக அறிவித்தன. அங்கேயும் அணிகளைப் பெருக்கும் 'மேட்ரிக்ஸ்300' என்ற சோதனை ஒன்று இருந்தது. அதற்கென்றே கம்பைலர்களைக் கூர்தீட்டியதும் மதிப்பெண்கள் தாறுமாறாக ஏறின. 1992 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கிய தலைமுறைக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவர்கள் அறிந்த அளவுகோல் மெகாஹெர்ட்ஸ் ஒன்றுதான். 2000 நவம்பரில் இன்டெல்லின் பென்டியம் 4, 1.4 மற்றும் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்தது. பல வேலைகளில் பழைய 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதற்கு ஈடுகொடுத்தது, சிலவற்றில் முந்தியும் போனது. லாரி எத்தனை நடை அடித்தது என்று மட்டும் எண்ணினால் போதாது, நடைக்கு எத்தனை மூட்டை ஏற்றியது என்றும் பார்க்க வேண்டும். பென்டியம் 4 நடையைக் கூட்டி மூட்டையைக் குறைத்த லாரி. 2001 அக்டோபரில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி, 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் தன் அத்லான் எக்ஸ்பி சிப்புக்கு '1800+' என்று பெயர் சூட்டியது. அது கடிகார வேகம் அல்ல, ஒப்பீட்டு மதிப்பு என்று கடைக்காரர் விளக்குவதற்குள் பாதி வாடிக்கையாளர்களாவது 1.8 கிகாஹெர்ட்ஸ் என்றே நினைத்திருப்பார்கள். இன்டெல்லும் 2004இல் கிகாஹெர்ட்ஸைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு மாடல் எண்களுக்கு மாறியது.

இதற்கெல்லாம் நல்ல உதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உருவானது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு, ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டமைப்பில் 'சக்தி' என்ற பிராசசர் குடும்பத்தை வடிவமைத்தது. 2018 ஜூலையில் அதன் 300 சிப்புகள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாராகி வந்தன. பெயர் ரைஸ்கிரீக். அதில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு ரிமோ என்ற இன்னொரு சிப், சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. இரண்டுக்கும் உள்ளே இருப்பது சக்தியின் சி-கிளாஸ் வடிவம்தான். பிறந்த இடம் ஒன்று, வார்த்த பட்டறை வேறு.

இவற்றை எப்படி ஒப்பிடுவது? சிப் வடிவமைப்பாளர்கள் டிமிப்ஸை மெகாஹெர்ட்ஸால் வகுத்துச் சொல்வது வழக்கம். அப்படி வகுத்தால் ஒரே வடிவத்தில் பிறந்த இரண்டும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த எண் வடிவமைப்பைப் பற்றியது. ஓட்டிப் பார்த்தாலோ மொகாலி சிப் வெகுவாகப் பின்தங்கும். 180 நானோமீட்டர் என்பது தொண்ணூறுகளின் கடைசியில் உலகச் சந்தைக்கு வந்த நுட்பம், பென்டியம் 3 காலத்தது. ரைஸ்கிரீக் 350 மெகாஹெர்ட்ஸுக்குச் செம்மைப்படுத்தப்பட்டது. 180 நானோமீட்டரில் அந்த வேகத்தை இந்த வடிவத்திடம் எதிர்பார்க்க முடியாது.

அதற்காக மொகாலி சிப்பைத் தோற்றதாகச் சொல்வது நியாயமில்லை. ராணுவத்துக்கும் விண்வெளிக்கும் தேவைப்படுவது வெளிநாட்டு ஆலையை எதிர்பார்க்காத, நம்பகமான சிப். அங்கே பழைய நுட்பம் ஒரு குறையே இல்லை. 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் ஐரிஸ் என்ற விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சிப்பை அறிவித்தன. அதுவும் சக்தி குடும்பம்தான், அதுவும் மொகாலியில் வார்த்ததுதான். விண்கலத்துக்குள் எந்தச் சிப் வேகம் என்பதைவிட எந்தச் சிப் செயலிழக்காமல் நிற்கும் என்பதே முதல் கேள்வி. இதற்கு டிரைஸ்டோனில் விடை கிடையாது.

விராலிமலையிலிருந்து திருச்சிக்குப் போய் மடிக்கணினி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் ஒட்டியிருக்கும் கிகாஹெர்ட்ஸையும் கடைக்காரர் காட்டும் மதிப்பெண்ணையும் ஓரமாக வையுங்கள். உங்கள் வேலை டேலியோ, ஆட்டோகேடோ, வீடியோ எடிட்டிங்கோ, அந்த ஃபைலையே ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். அந்த மென்பொருள் போட்டிருக்கும் இரண்டு மெஷின்களைக் கேட்டு வாங்கி, அதே ஃபைலைத் திறந்து கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், பேட்டரியில் ஓடும்போது பல பிராசசர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.