ஆழத்தைத் தாங்கிய அடுக்குகள்

1991-ஆம் ஆண்டில், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூர்கன் ஷ்மிட்ஹூபரின் மேற்பார்வையில் பயின்ற செப் ஹோக்ரைட்டர் என்னும் மாணவர், பட்டத்தின் பொருட்டு ஜெர்மன் மொழியில் எழுதிச் சமர்ப்பித்த ஆய்வேட்டில், நியூரல் நெட்வொர்க்குகள் ஆழம் கூடக் கூட ஏன் கற்கத் தடுமாறுகின்றன என்ற வினாவுக்குக் கணித ரீதியாக விடை கண்டிருந்தார். 1994-இல் யோசுவா பெஞ்சியோவும் சகாக்களும் ஏறக்குறைய அதே முடிவை ஆங்கிலத்தில் பிரசுரித்தனர். ஆழ்கற்றலின் சரித்திரத்தை 2012-இலிருந்து தொடங்குவோர் பலராயினும், என் அபிப்பிராயத்தில் அதன் மெய்யான ஆரம்பம் அந்த ஜெர்மன் ஏடுதான். ஏனெனில், பின்னர் தோன்றிய உபாயங்களில் பெரும்பாலானவை அதில் காட்டப்பட்ட இடையூற்றைக் கடக்கச் செய்த பிரயத்தனங்களே.

வலை தரும் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்தப் பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்கு வரை பின்னோக்கி அனுப்பி, ஒவ்வோர் அடுக்கின் எடைகளும் எந்தத் திசையில் எவ்வளவு மாற வேண்டும் என்று தீர்மானிப்பதே பயிற்சியின் முறை. ஆனால் வழியிலுள்ள ஒவ்வோர் அடுக்கும் அப்பிழைச் செய்தியைத் தன் எடைகளாலும் தன் சார்பின் வகைக்கெழுவாலும் பெருக்கியே முந்தைய அடுக்குக்குக் கொடுக்கிறது. அக்காலத்தில் பெரிதும் வழங்கிய சிக்மாய்டு சார்பின் வகைக்கெழு அதிகபட்சம் 0.25. எடைகள் ஒன்றையொட்டி இருப்பதாகக் கொண்டால், பத்து அடுக்குகளைக் கடப்பதற்குள் செய்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தலைமடையிலேயே தண்ணீர் தீர்ந்து கடைமடை காய்வது போல, முதல் அடுக்குகள் ஏதும் பெறாமல், தொடக்கத்தில் இடப்பட்ட எண்களோடேயே கிடக்கும். எடைகளைப் பெரிதாக வைத்தாலோ விபரீதம் எதிர்த்திசையில் நேரும்: செய்தி அடுக்குதோறும் பெருகிக் கணக்கே சிதறிவிடும்.

1997-இல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் எல்.எஸ்.டி.எம். என்ற அமைப்பில், பிழை தேயாமலும் பெருகாமலும் செல்வதற்கு ஒரு பாதையை வகுத்தனர். எனினும் அது காலவரிசைகளைக் கற்கும் சுழல் வலைகளுக்கு உரியதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. மற்ற வலைகளை 2006-இல் ஜெஃப்ரி ஹின்டனின் குழுவினர் அடுக்கடுக்காக முன்பயிற்சி தந்து எழுப்பினர்; 2010-இல் சேவியர் குளோரோவும் பெஞ்சியோவும் தொடக்க எடைகளின் பரவலை அடுக்கின் அகலத்திற்கேற்ப அளந்து வைக்கும் சூத்திரத்தைத் தந்தனர்; நேர்மறை எண்களை அப்படியே விடும் ரெலு சார்பும் வழக்கத்திற்கு வந்தது. 2012-இல் படங்களை இனம்காணும் போட்டியில் வென்ற அலெக்ஸ்நெட்டுக்கு எட்டு அடுக்குகள். 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் பத்தொன்பது வரை சென்றபோது, முதலில் பதினோரு அடுக்கு வலையைப் பயிற்றி, அதன் எடைகளில் சிலவற்றை எடுத்து ஆழமான வலைக்குள் வைத்தே அதனை நிலைநிறுத்த நேர்ந்தது என்பதை நோக்க, அவ்வளவு ஆழமே எத்தனை பிரயாசையாக இருந்தது என்பது விளங்கும்.

2015-இன் தொடக்கத்தில் கூகுளைச் சேர்ந்த செர்கெய் ஐயோஃபும் கிறிஸ்டியன் செகெடியும், ஒவ்வொரு தொகுதியிலும் அடுக்கினுள் தோன்றும் எண்களின் சராசரியைச் சுழியமாகவும் மாறுபாட்டை ஒன்றாகவும் திருத்தும் பேட்ச் நார்மலைசேஷனை வெளியிட்டு, பதினான்கில் ஒரு பங்கு படிகளிலேயே அதே துல்லியத்தை அடைந்து காட்டினர். அடுக்குகளுக்கு வரும் எண்களின் பரவல் பயிற்சியின்போது இடம்பெயர்வதை இது தடுக்கிறது என்று அவர்கள் கூறிய காரணத்தை, 2018-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பரிசோதனைகளால் மறுத்து, பிழைப் பரப்பு மேடுபள்ளம் குறைந்து சீராவதே பலனுக்கு ஹேது என்றனர். உபாயம் மட்டும் அசையாமல் நின்றது.

2015-இன் இறுதியில்தான் மைக்ரோசாஃப்டின் பெய்ஜிங் ஆய்வகத்திலிருந்து கைமிங் ஹே, சியாங்யூ ஜாங், ஷாவோசிங் ரென், ஜியான் சன் ஆகிய நால்வரின் கட்டுரை வந்தது. 56 அடுக்கு வலையொன்று, பயிற்சித் தரவிலேயே, 20 அடுக்கு வலையைவிட அதிகமாகப் பிழை செய்வதை அவர்கள் முதலில் காட்டினர். மிகையான 36 அடுக்குகள் வந்ததை வந்தவாறே அனுப்பியிருந்தால்கூடப் பிழை கூடியிருக்க நியாயமில்லை. சும்மா இருப்பதுகூட அவ்வடுக்குகளுக்குக் கற்றுக்கொள்ள அரிதாயிருந்தது! ஆகவே உள்ளீட்டை நேராக எடுத்துச் சென்று வெளியீட்டோடு கூட்டிவிட்டு, வேண்டிய திருத்தத்தை மட்டும் அடுக்குகள் கற்குமாறு அமைத்தனர். பின்னோக்கி வரும் செய்திக்கு இதனால் பெருக்கலில் எப்போதும் ஓர் ஒன்று கூடுகிறது. திருத்தம் சுழியமானாலும் செய்தி சாவதில்லை. சில மாதங்களுக்கு முன் ஷ்மிட்ஹூபரின் மாணவர்கள் ஹைவே நெட்வொர்க் என்று வாயில்கள் வைத்து அமைத்த வழியை இவர்கள் வாயிலின்றித் திறந்துவிட்டனர் என்றும் சொல்லலாம். 152 அடுக்குகள் வரை கொண்ட அவர்களுடைய வலைகளின் கூட்டு 3.57 சதவீதப் பிழையோடு அவ்வாண்டுப் போட்டியை வென்றது. மறுவருஷம் அதே நால்வர், நேர்வழியில் ரெலுவும் குறுக்கிடலாகாதென்று அதனைத் திருத்தம் கற்கும் கிளைக்குள் நகர்த்தி, 1001 அடுக்குகளையும் பயிற்றினர்.

அப்பாடம் உடனே எங்கும் பதிந்துவிடவில்லை. 2017-இல் தோன்றிய டிரான்ஸ்ஃபார்மர் என்ற வலையமைப்பு, பேட்ச் நார்மலைசேஷனைப் போலவே எண்களைச் சீராக்கும் லேயர் நார்மலைசேஷனை, கூட்டலுக்குப் பின் நேர்வழியின் மீதே வைத்தது. கற்றல் வேகத்தை முதல் 4000 படிகளில் மெல்ல மெல்ல உயர்த்தியே அது பயிற்றப்பட்டது. அவ்வமைப்பில் கட்டப்பட்டு 2019-இல் வந்த ஜி.பி.டி-2, அந்த நார்மலைசேஷனைக் கிளையின் தொடக்கத்திற்கு மாற்றிக்கொண்டது. அவ்வாறு மாற்றினால் ஆரம்பத்திலேயே பின்னோக்கி வரும் செய்தி அளவோடு நிற்கும் என்றும், மெல்ல உயர்த்தும் அந்தச் சடங்கையே விட்டுவிடலாம் என்றும் சியோங் முதலானோர் நிரூபித்தது அதற்கு அடுத்த ஆண்டில்.