உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுவர் இல்லை

குடுமியான்மலைக்கு மாணவர்களோடு போயிருந்தோம். இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்தபோது, பழையது என்பதற்காகவே ஒன்றை மதிக்க வேண்டுமா என்று பேச்சு திரும்பியது. கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்த தலித் மாணவி ஒருவர் கேட்டார்: "எங்க அப்பாயியைத் தனிக் கல்லறையிலதான் புதைச்சாங்க. கேட்டா பாரம்பரியம்னாங்க. அப்ப உத்தரிக்கிற ஸ்தலத்துலயும் எங்களுக்குத் தனி இடமா தோழர்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

கத்தோலிக்கத் திருச்சபையில் பாரம்பரியம் சாதாரணச் சொல் அல்ல. வேதாகமத்துக்குத் தரும் அதே மரியாதையை அப்போஸ்தலர் வழிவந்த பாரம்பரியத்துக்கும் தர வேண்டும் என்று 1546இல் திரெந்து பொதுச்சங்கம் அறிவித்தது. தேவ கிருபையில் இறந்தும் முழுத் தூய்மை அடையாத ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் நிலையே உத்தரிக்கிற ஸ்தலம். இறந்தோருக்காக மன்றாடும் தொன்மையான வழக்கமும், 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரமும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. போரில் இறந்தவர்களின் பாவம் நீங்க யூதா மக்கபே 2000 திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார் என்கிறது அந்த அதிகாரம். சீர்திருத்த சபைகள் அந்த நூலையும் ஏற்கவில்லை, இந்தக் கோட்பாட்டையும் ஏற்கவில்லை. திரெந்து சங்கமோ 1563இல் கோட்பாட்டை உறுதிசெய்தது. அதே ஆணையில், இதை வைத்து நடக்கும் மூடநம்பிக்கையையும் பணம் பறிப்பையும் தடுக்கும்படி ஆயர்களுக்குச் சொன்னது. பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் திருச்சபை காப்பாற்றியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். குடுமியான்மலை இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் ஆவூர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயேசு சபையாரின் மதுரை மிஷனுக்கு அது ஒரு முக்கிய மையம். பறையர் வீட்டுக்குள் போனால் மற்ற சாதியார் விலகிவிடுவார்கள் என்று அந்த மிஷனின் குருக்கள் அஞ்சினார்கள். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கக்கூட வாசல் தாண்டத் தயங்கினார்கள். 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன், வீட்டுக்குள் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பல ஆண்டுகள் வழக்காடிய பிறகு, 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். ஆனால் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் யோசனையையும் ஏற்றுக்கொண்டார். வாசல் திறந்தது, ஆனால் தனி வாசலாகத் திறந்தது.

அந்தப் பிரிவினை இன்றும் மண்ணில் நிற்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையின் சாதிச் சுவரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட போராட்டம், 2008 மார்ச்சில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டில் இருவர் சாவதிலும் போய் முடிந்தது.

இதை அப்போஸ்தலர் தந்த பாரம்பரியம் என்று எந்தப் பொதுச்சங்கமும் சொன்னதில்லை. இது ஊர் வழக்கம், பாரம்பரியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழக்கங்களைத் திருத்த வேண்டும் என்று 2003இல் தமிழக ஆயர்களிடமே போப் 2ஆம் ஜான் பால் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. காகிதத்தில் குறை இல்லை. கல்லறையில்தான் குறை.

அந்த மாணவிக்கு நம் பதில் இதுதான். உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் திருச்சபையின் போதனைப்படியே அங்கே சாதிக்கு இடம் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் குருவானவர் மன்றாடுவது சகல ஆத்துமாக்களுக்காகவும்தான். சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்து அல்ல.

அடுத்த முறை யாராவது பாரம்பரியம் என்றால், "எந்தச் சங்கம், எந்த ஆண்டு?" என்று கேளுங்கள் தோழர்களே. அவர்களிடம் பதில் இருக்காது. சுவரை எப்போது இடிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி.