மலாக்காக் குன்றும் எஞ்சிய வாசலும்

மலாக்கா ஆறு கடலொடு கலக்கும் இடத்தருகே சிறு குன்றொன்று நிற்கிறது. செயிண்ட் பால் குன்று என்பது அதன் இன்றைய பெயர். ஏறி முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆயினும் மலாய் சுல்தான்கள், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் இதனை விரும்பினர். அதற்குக் காரணம் குன்றின் உயரம் அன்று. அது நிற்கும் இடமேயாகும். அதன் உச்சியில் இருப்பவர் ஆற்றையும் துறைமுகத்தையும் நீரிணையையும் ஒருங்கே காணலாம்.

1511-ஆம் ஆண்டில் அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். உடனே குன்றின் அடியில் 'ஆ பமோசா' என்னும் கோட்டையை எழுப்பினார். பள்ளிவாசலிலிருந்தும் மன்னர்களின் கல்லறைகளிலிருந்தும் பெயர்த்த கற்கள் அதற்குப் பயன்பட்டன. இவ்வாறு முந்திய ஆட்சியின் நினைவுச் சின்னங்களே பிந்திய ஆட்சியின் மதிலாயின.

குன்றின் உச்சியில் 1521-இல் துவார்த்தே கொயெல்யோ என்னும் போர்த்துகீசியர் மாதா கோயில் ஒன்றைக் கட்டினார். தமிழகத்து முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். அவர் 1552-இல் சீனக் கடற்கரைத் தீவொன்றில் இறந்தார். அவருடைய உடல் 1553-இல் இக்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டுப் பின்னர் கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

1641-இல் நகரை வென்ற டச்சுக்காரர் கோட்டையை இடிக்கவில்லை, செப்பனிட்டுக் காத்தனர். இன்றும் நிற்கும் சந்தியாகோ வாசலில் அவர்கள் பொறித்த 1670 என்னும் ஆண்டைக் காணலாம். குன்றின்மேல் இருந்த கோயிலுக்குச் செயிண்ட் பால் என்னும் பெயரை வைத்தவரும் அவர்களே. 1753-இல் அடிவாரத்தில் கிறைஸ்ட் சர்ச் கட்டி முடிந்ததும், மேலிருந்த கோயில் வழிபாடு இழந்து இடுகாடாயிற்று.

பேரழிவு ஆங்கிலேயரால் வந்தது. ஐரோப்பியப் போரின் காரணமாக 1795-இல் மலாக்கா அவர்கள் கைக்கு வந்தது. என்றேனும் ஒருநாள் நகரை டச்சுக்காரரிடம் திருப்பித் தரவேண்டியிருக்கும். அப்போது வலிய கோட்டையொன்று பிறர் கையில் சேர்ந்து பினாங்கு வாணிகத்துக்குப் போட்டியாகலாம். இவ்வாறு கருதி, 1807-இல் பார்க்குவார் மேற்பார்வையில் வெடிமருந்து வைத்து மதில்களைத் தகர்த்தனர். மலாக்காவில் பிறந்தவரும், தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த மரபினருமான முன்ஷி அப்துல்லா அவ்வழிவைப் பற்றித் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். கோட்டையை இழந்த நகரம் பொலிவிழந்தது என்பது அவர் கருத்து.

பின்னர் நடந்தது யாது? மலாக்கா 1818-இல் டச்சுக்காரரிடம் திரும்பியது. ஆனால் 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது மீண்டும் ஆங்கிலேயருக்கே உரியதாயிற்று. மாற்றானுக்குப் பயன்படும் என்று அஞ்சித் தகர்த்த கோட்டை, தகர்க்காமல் விட்டிருந்தால் அவர்களுக்கே கிடைத்திருக்கும்! மிஞ்சியது ஒரு வாசல் மட்டுமே.

இன்று குன்றின்மேல் கூரையில்லாக் கோயிலும், அதன் சுவர்களில் சார்த்தி வைத்த பழைய கல்லறைக் கற்களும் உள்ளன. கீழே சந்தியாகோ வாசலும், சுல்தான் அரண்மனையின் மாதிரி உருவும், டச்சு ஆளுநர் வாழ்ந்த ஸ்தாதைஸ் மாளிகையும் உள்ளன. ஆற்றுக்கு அப்பால், மலாக்காச் செட்டிகள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் விளக்கெரிகிறது. படையும் மதிலும் இன்றி வாணிகத்தால் வாழ்ந்த சிறு சமூகத்தின் கோயில் நிலைத்திருக்க, பேரரசுகளின் கோட்டை மறைந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

2008-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவை ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றது. ஆயினும் பட்டியல் மட்டும் ஒரு கல்லைக் காத்துவிடாது. இன்றைய பயன் ஒன்றையே எண்ணி ஒரு தலைமுறை இடித்ததை அடுத்த தலைமுறையால் மீட்க இயலாது. மலாக்கா செல்வோர் அந்த ஒற்றை வாசலைப் படம் எடுப்பதோடு நில்லாமல், அது ஏன் ஒற்றையாய் நிற்கிறது என்பதையும் தம் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.