சாலைக் கார்களில் சஸ்பென்ஷன் மேம்பாடு

வேகமாக ஓட்டும் காரின் பிடிமானத்தைக் கூட்ட ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆன்ட்டி-ரோல் பார், ரப்பர் புஷ் ஆகியவற்றை மாற்றியமைப்பது சஸ்பென்ஷன் மேம்பாடு எனப்படும். தமிழ்நாட்டில் இதற்குப் பந்தயத் திடல்களே நாற்றங்கால். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது; 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் திடல் வந்தது; 2003இல் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே எழுந்தது. சோழவரக் காலத்து அம்பாசிடருக்கு முன்புறம் முறுக்குத் தண்டு, பின்புறம் பட்டை ஸ்பிரிங். பிரீமியர் பத்மினிக்கு முன்புறம் சுருள் ஸ்பிரிங், பின்புறம் பட்டை. 1983இல் வந்த மாருதி 800, ஷாக் அப்சார்பரையே சக்கரம் தாங்கும் தூணாக்கிய மெக்பெர்சன் ஸ்ட்ரட்டை நம் தெருக்களில் பரவலாக்கியது. ஃபோர்டு பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் வடிவமைத்து 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்த அமைப்புதான் இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்களைத் தாங்குகிறது.

பந்தயத் திடலின் பாடத்தை அப்படியே ஊர்ச்சாலைக்குக் கொண்டுவருவது தவறு. விருதுநகருக்குத் தெற்கே சூலக்கரை வழியாகச் சாத்தூர் செல்லும் வட்டாரம் கரிசல் நிலம். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது. அதன்மேல் போட்ட கிளைச்சாலைகள் நாளடைவில் அலை அலையாக நெளிகின்றன. இங்கே முதலில் மாற்ற வேண்டியவை டயரும் ஷாக் அப்சார்பரும்தான். ஸ்பிரிங்கின் விறைப்பை இரு மடங்காக்கினால் வண்டி உடலின் அதிர்வெண் ஏறக்குறைய 1.4 மடங்காகும், பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாமல் வண்டி துள்ளும். துள்ளலில் தரையை விட்டெழும் சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? தேய்ந்த புஷ்களை மாற்றாமல் ஸ்பிரிங்குக்குச் செலவழிப்பதும் வீண்.

வண்டியைத் தாழ்த்தினால் புவியீர்ப்பு மையம் இறங்கி வளைவில் சாய்வு குறையும் என்பார்கள். பாதி உண்மைதான். ஸ்ட்ரட் அமைப்பில் வண்டி தாழும்போது, வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருளல் மையம் புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்குகிறது. இடையிலுள்ள நெம்புகோல் நீள்கிறது. சாய்வை உண்டாக்கும் திருப்புவிசை அதனால் வலுக்கிறது. கூடவே, சக்கரம் மேலெழும்பும் இடம் குறைந்து, அந்த எழுச்சியின் எல்லையிலுள்ள தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் சஸ்பென்ஷன் மோதும். 165 மி.மீ. தரை இடைவெளியுள்ள காரை 40 மி.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 125. இந்தியச் சாலைக் குழுமத்தின் தரப்படி அமைந்த வேகத்தடையே 100 மி.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஆள் ஏறி அமுங்கிய வண்டிக்கு அதுவே நெருக்கடி, ஊரார் தம் விருப்பத்துக்குப் போட்ட மேடுகளைச் சொல்லவே வேண்டாம். விறைப்பு கூடினால் திருப்பத்தில் ஸ்டியரிங் உடனே பேசும் என்பது மறுக்க முடியாத நன்மை. அந்த நன்மையின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளர் உயரத்திலேயே, சற்றுத் தடித்த ஆன்ட்டி-ரோல் பாரும் நல்ல ஷாக் அப்சார்பரும் தந்துவிடுகின்றன.

இன்று ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த, உயரம் மாற்றக்கூடிய காயிலோவர்களும் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் எதை மாற்றும் முன்பும் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.