தோட்டப்புறத்தில் கைத்துப்பாக்கி

கோலசிலாங்கூரில் மலாவத்திக் குன்றின்மீது ஏறுவோர் முதலிற் காண்பது பீரங்கிகளைத்தான். ஆற்றுமுகத்தையும் கடலையும் நோக்கி வாய்திறந்து கிடக்கும் அவ்விரும்புக் குழாய்களின் கதையைப் பள்ளிச் சிறுவரும் கூறுவர். 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் குன்றைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்ட்டிங்கின் பெயரை அதற்குச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். பெரிய ஆயுதத்தின் வரலாறு குன்றின்மேலிட்ட விளக்காக நிற்கிறது. ஆனால், குன்றைவிட்டு இறங்கி உள்நாட்டுப் பக்கம் திரும்பி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை, அதற்கும் அப்பால் ரவாங் என்று தோட்டம் தோட்டமாகச் சென்றால், நம்மவர் தலைவிதியோடு விளையாடிய ஆயுதம் வேறொன்று என்பது புலனாகும். அது உள்ளங்கையில் அடங்குவது. இடுப்பில் செருகினால் மேற்சட்டைக்குள் மறைவது. அதன் கதையைக் கேட்பார் குறைவு.

முதலில் சொற்களைப் பார்ப்போம், தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பீரங்கி என்னும் சொல் பரங்கியரைக் குறித்த சொல்லோடு உறவுடையது. துப்பாக்கி என்பது துருக்கியச் சொல்லொன்றின் வழி வந்தது. மலாய்க்காரர் வழங்கும் சினாப்பாங் என்பதோ டச்சு மொழியிலிருந்து பெற்றது. ஆக, இக்கருவி எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்பதற்குப் பெயரே சாட்சி. கைத்துப்பாக்கியில் இரு வகை உண்டு. தோட்டாக்களைச் சுழலும் உருளையில் ஏற்றுவது ஒன்று. அதனை ரிவால்வர் என்றும் சுழல் துப்பாக்கி என்றும் கூறுவர். பிடிக்குள் செருகும் தட்டையான பெட்டியில் தோட்டாக்களை அடுக்குவது மற்றொன்று, அது பிஸ்டல்.

சிறிய துப்பாக்கியைத் தேர்வது எளிதான காரியமன்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தாங்கிய வெப்லி ரிவால்வர் ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. நாள் முழுதும் இடுப்பில் கட்டி நடப்பவனுக்கு அது பாரம். பயிற்சி குறைந்தவன் சுட்டாலோ கை எகிறும். ஆகவே போருக்குப்பின் அந்நாட்டுப் படையினர் 0.455 அங்குலக் குண்டை விட்டு 0.38 அங்குலத்துக்கு இறங்கி, முக்கால் கிலோ அளவில் என்பீல்டு ரிவால்வரைச் செய்துகொண்டனர். பெல்ஜியத்தில் உருவான பிரௌனிங் பிஸ்டல்கள் இன்னும் சிறியன. 1910ஆம் ஆண்டு மாதிரி 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1914இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரை வீழ்த்தி உலகப் போருக்கு வழிதிறந்தது அம்மாதிரியே. பிற்காலத்தில் வந்த 'பேபி பிரௌனிங்' கால் கிலோவைச் சற்றே தாண்டும்.

எடை குறையக் குறைய மறைப்பது எளிது. ஆனால் குறி தவறுவதும் எளிது. குழல் குட்டையானால் குறிபார்க்கும் முனைகள் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. பிடி சிறிதானால் கை நழுவுகிறது. குண்டு சிறிதானால் வலிமையும் சிறிது. தட்டையான பிஸ்டல் சட்டைப்பையில் புடைத்துத் தெரியாது. ஆனால் ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றுவிட்டால் அதனை வெளியேற்ற இரு கைகளும் வேண்டும். ரிவால்வரின் உருளை இடுப்பில் துருத்தும். எனினும் விசையை மீண்டும் ஒருமுறை இழுத்தால் அடுத்த தோட்டா தானே முன்னால் வந்து நிற்கும். மலாயாவின் வியர்வையும் மழையும் இரும்புக்குப் பகை. உடலோடு ஒட்டி வைத்திருப்பது எண்ணெய் காணாவிட்டால் விரைவிலேயே துருப்பிடித்துவிடும். இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்துத் தேர்வதென்பது, தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவனுக்கே இயலும். தோட்டப்புறத்தில் அவ்வுரிமை யாருக்கு இருந்தது என்பதே நம் கேள்வி.

மறைத்துச் செல்லும் துப்பாக்கி தமிழர் வரலாற்றில் முன்பே புகுந்ததுதான். 1909ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து சாவர்க்கர், பெட்டியின் பொய்யடித்தட்டில் ஒளித்து 20 பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு அனுப்பினார். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பிரௌனிங்கே. அதே மாதத்தில், கடலுக்கு இப்பால் சிலாங்கூரில் மற்றொரு கைத்துப்பாக்கி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கோலசிலாங்கூர் வட்டாரம் தோட்டத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கோனியே 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் நட்ட செம்பனையே இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் என்பர். துரை என்றால் என்ன என்பதை அறிய, 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தாலே போதும். கிள்ளானில் தொடங்கிக் கோலசிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் பரவிய அவ்வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடை ஒழிப்போடும் மற்றொன்றையும் கேட்டனர்: துரை எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். கேட்டவர் கையில் துப்பாக்கி இல்லை. தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டது, ஐவர் மாண்டனர். சிலாங்கூரில் அப்போதே ஒருமுறை அவசரகாலம் அறிவிக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

அடுத்து ஜப்பானியர் வந்தனர். காட்டிலிருந்து அவர்களை எதிர்த்த மக்கள் படைக்குப் பிரிட்டிஷாரே வான்வழியே ஆயுதம் இறக்கினர். 1945 டிசம்பரில் அப்படை கலைந்தபோது ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து ஆயுதங்களைத் திரும்பப் பெற்றனர். திரும்பாதவை காட்டில் புதைந்தன. மற்றொரு புறம், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழ் இளைஞர் ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கி பிடிக்கக் கற்றிருந்தனர். மிதிவண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்த கை வேறு, இது வேறு. ஆட்சியாளரும் இதனை அறிவர்.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடெங்கும் அவசரகாலம். அதன் ஒழுங்குவிதிகளுள் 4ஆவது விதி, சட்டபூர்வமான அதிகாரமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்றது. சுட்டவனுக்கு என்று சொல்லவில்லை, வைத்திருப்பவனுக்கு.

இவ்விதி ஊரை இரண்டாகப் பிரித்தது. துரையின் இடுப்பில் விடியற்காலைப் பெரட்டுக்கு வரும்போதே ரிவால்வர் தொங்கியது. சம்பள நாளில் பட்டணத்திலிருந்து பணம் கொண்டு வருவது அந்நாளில் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆகவே உடன் காவலரும் துப்பாக்கிகளும் வேண்டியிருந்தன. பங்களாவைச் சுற்றிக் கம்பிவேலி, சிறப்புக் காவலர், இரவில் விளக்கு. துரைமாரின் அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். வட சிலாங்கூரின் காட்டோரச் சாலைகளில் அவர்கள் பலர் மாண்டனர். 1951 அக்டோபர் 6ஆம் நாள் கோலகுபு பாருவுக்கு அப்பால் பிரேசர் மலைச் சாலையில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் துரையின் ரிவால்வர் பிறர் கண்ணில் படுவதற்காகவே அணியப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். சிறியது வேண்டும், இலேசானது வேண்டும், மறையவேண்டும் என்ற கவலையெல்லாம் உரிமம் இல்லாதவனுடையது. பொருள் ஒன்றே; ஒருவனுக்கு அது அணிகலன், மற்றொருவனுக்குத் தூக்குக்கயிறு.

இடையில் அகப்பட்டவன் பால்வெட்டுத் தொழிலாளி. காட்டிலிருந்து வருவோர் அரிசியும் சந்தாவும் கேட்பர். கொடுத்தால் சட்டம் பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள். மரத்தடியில் ஒரு துப்பாக்கி கிடக்கக் காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தால் அவன் 'வைத்திருப்பவன்'. எடுக்காமல் போனால், பின்னர் எவனோ அதனால் சுடப்பட்டால், 'தெரிந்தும் சொல்லாதவன்'. காவல் நிலையமோ பல கல் தொலைவில்.

இது கற்பனைச் சிக்கலன்று. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தருகே எஸ். ஏ. கணபதி கைதானார். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி அளித்தவர். 1948 ஜூனில் அரசாங்கம் ஒழித்துக்கட்டிய அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அவரிடம் கண்டெடுக்கப்பட்டவை ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். வழியில் கிடந்ததை எடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் என்பது அவர் தரப்பு விளக்கமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது மெய்யோ பொய்யோ, அத்துப்பாக்கியால் அவர் எவரையும் சுட்டார் என்று குற்றம் சாட்டப்படவில்லை. மார்ச்சிலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீடு தள்ளப்பட்டது. நேருவின் அரசாங்கம் தலையிட்டது, லண்டனில் வி. கே. கிருஷ்ண மேனன் முயன்றார். மே 3ஆம் நாள் அவருடைய தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மே 4 காலை, புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். கைதான நாளிலிருந்து 64 நாட்கள்.

கணபதியை வெறும் தொழிற்சங்கவாதி என்று காட்டுவோர் உண்டு. காட்டுப்படையின் ஆள் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. ஆயுதப் போராட்டம் தொடங்கிய பின் அவர் தலைமறைவாயிருந்தார் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் அவரைத் தூக்கிலிட்டது அவருடைய அரசியலுக்காக அன்று, இடுப்பிலிருந்த இரும்புக்காக. அதுதான் இவ்விதியின் வசதி. எதற்காக வைத்திருந்தாய் என்று கேட்கத் தேவையில்லாத விதி, ஆள்வோருக்கு மிக எளிய விதி.

முன்னர்ச் சொன்ன 1911ஆம் ஆண்டு வழக்கை இங்கு வைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கோலாலம்பூரில், பள்ளித் தலைமையாசிரியராகப் பணிபார்த்த ஒருவரின் மனைவி எத்தல் பிரௌட்லக், வீட்டுக்கு வந்த வில்லியம் ஸ்டூவர்டு என்பவரை ரிவால்வரால் சுட்டுக் கொன்றார். ஆறு குண்டுகள். மானம் காக்கச் சுட்டேன் என்றார். நீதிமன்றம் ஏற்காமல் மரண தண்டனை விதித்தது. வெள்ளையர் சமூகம் மனுக்களை எழுதிக் குவித்தது. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்க, புடு சிறையிலிருந்து வெளிவந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சாமர்செட் மாம் பின்னர் இதனைக் கதையாக்கியபோது, நிகழ்ச்சியை ரப்பர்த் தோட்டத்து பங்களாவுக்கு மாற்றிவிட்டார். கைத்துப்பாக்கிக்குப் பொருத்தமான இடம் தோட்டமே என்று அவருக்கும் தோன்றியிருக்கும் போலும்! ஒரே மாநிலம், ஒரே சிறை, இரண்டு வழக்கிலும் ஆறு தோட்டாக்கள். ஆறும் வெடித்த வழக்கில் மன்னிப்பு. ஒன்றும் வெடிக்காத வழக்கில் தூக்கு.

கணபதியைப் போன்றே துப்பாக்கி வழக்கில் மாட்டிய மற்றொரு தமிழருக்கு விதி வேறாயிற்று. அது ஜொகூரில் நடந்தது. எனினும் சட்டம் ஒன்றே. 1948 செப்டம்பரில் பிடிபட்ட சாம்பசிவத்தின்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி தாங்கியது ஒன்று, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது ஒன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை. அவ்விசாரணையில், இரண்டையும் ஒப்புக்கொள்வதாக அமைந்த அவருடைய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு முன்வைத்தது. தோட்டா வைத்திருந்ததாகச் சொல்லப்படும் பகுதி பொய்யென ஏற்கனவே தீர்ந்துவிட்டது என்பதை நீதிபதிக்குத் துணையிருந்த அசசர்களிடம் கூறவில்லை. தண்டனை மரணம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் மெக்டர்மட் பிரபு தீர்ப்பளித்தார்: ஒரு குற்றத்திலிருந்து விடுதலை பெற்றவன் மறுபடி விசாரிக்கப்படமாட்டான் என்பது மட்டுமன்று, அவ்விடுதலையைப் பின்வரும் வழக்குகளிலும் இரு தரப்பும் முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டும். சாம்பசிவத்தின் உயிர் பிழைத்தது. காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்கள் இத்தீர்ப்பைப் பலமுறை எடுத்தாண்டுள்ளன. சட்டம் பயில்வோர் சாம்பசிவம் என்னும் பெயரை அறிவர். அவர் நம்மவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவசரகால விதிகளின்கீழ் இருநூற்றுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. ஆனால் 4ஆம் விதியின் உயிர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் புகுந்துகொண்டது. பாதுகாப்புப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரணம் என்று அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறிற்று. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் தனிச் சட்டமும் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. நீதிபதிக்கு வேறு வழியே விடாத கட்டாய மரண தண்டனையை ஒழித்த சட்டம் 2023 ஜூலை 4ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது; 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் அதில் அடங்கும். கணபதி தூக்கிலேறி அப்போது 74 ஆண்டுகள் கடந்திருந்தன. புடு சிறையை அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். அவ்விடத்தில் இப்போது பெரிய அங்காடி. பழைய வாயிலை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.