நடைவண்டியும் வாக்கரும்: ஒரு சின்ன வரலாறு



போன மாதம் நம் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார். "அங்கிள், பாப்பாவுக்குப் பத்து மாசம் ஆகுது. வாக்கர் வாங்கலாமா, நடைவண்டி வாங்கலாமா?" நின்றபடியே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மூத்த பேரனுக்கு வாக்கர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் தட்டு, அடியில் சக்கரங்கள், அழுத்தினால் பாட்டு. அப்போது நாங்கள் இருந்த வீட்டில் கூடத்திலிருந்து முற்றத்துக்கு இரண்டு படிகள் உண்டு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருப்பதற்குள் வண்டியோடு படியில் கவிழ்ந்துவிட்டான். நெற்றியில் மூன்று தையல். மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகுதான் இந்த இரண்டு வண்டிகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வங்கி வேலையில் இருந்தவரை பேரேடு தவிர வேறு ஏட்டைப் புரட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சங்க இலக்கிய உரைகளைப் படிக்க நேரம் கிடைத்தது.

பட்டினப்பாலையில் ஒரு காட்சி. காவிரிப்பூம்பட்டினத்தில் வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்ட, காதில் கிடந்த கனமான குழையையே கழற்றி எறிகிறார்கள் பெண்கள். அந்தக் குழை, குழந்தைகள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியில் தடையாகக் கிடக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நம் நடைவண்டியின் மூதாதையையும் சொல்லிவிட்டார். மூன்று சக்கரம்; இழுக்கக் குதிரை இல்லை; தள்ளுவது குழந்தை.

அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் இதைப் பாடுகிறார். ஏறிச் செல்ல முடியாத அழகிய தேரைத் தளர்நடைப் பிள்ளைகள் உருட்டுகிறார்கள். களைத்துப்போய், செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். குறுந்தொகையின் 61ஆம் பாட்டும் இதையேதான் சொல்கிறது. தச்சன் செய்த சின்னத் தேரில் ஏறிப் போக முடியாவிட்டாலும், கையால் இழுத்தே பிள்ளைகள் இன்பம் அடைகிறார்கள். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் எழுதியவர்கள் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயர் வைத்தார்கள்.

இதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்றுதான். அந்தத் தேரில் குழந்தை ஏறுவதில்லை. குழந்தைதான் தேரை நடத்துகிறது.

வாக்கரும் நாம் நினைப்பதுபோல் நேற்று வந்ததல்ல. நெதர்லாந்தில் 1440ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட ஒரு பிரார்த்தனைப் புத்தகம் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஓர் ஓவியம். சூசையப்பர் மரம் இழைக்கிறார், மரியாள் நெய்கிறார், குழந்தை இயேசு சக்கரம் வைத்த மரச்சட்டத்துக்குள் நிற்கிறார். சில பத்தாண்டுகள் கழித்து ஹிரோனிமஸ் பாஷ் வரைந்த இன்னொரு ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. அதிலும் குழந்தை இயேசுதான். ஆனால் இங்கே சட்டத்துக்குள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு தள்ளி நடக்கிறார். இரண்டு வகையும் அப்போதே இருந்திருக்கின்றன.

இருக்கை வைத்த வாக்கரின் சிக்கல் என்ன? குழந்தையின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. பெரும்பாலும் நுனிக்காலால் உந்தினாலே போதும், வண்டி ஓடும். விழாமல் சமாளிக்க வேண்டிய அவசியமே குழந்தைக்கு இல்லை. தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே போகிறது என்றும் அதற்குத் தெரியாது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட வாக்கரில் இருந்த குழந்தைகள் உட்காரவும் தவழவும் நடக்கவும் மற்றக் குழந்தைகளைவிடத் தாமதித்தன என்று காட்டியது. வேகம் வேறு. ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் ஓடிவிடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நான் எழுந்திருக்க ஏன் நேரமில்லாமல் போனது என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது. கனடா 2004 ஏப்ரலில் இந்த வாக்கர்களின் விற்பனையையே தடை செய்துவிட்டது.

நடைவண்டியில் குழந்தை தன் காலில் நிற்கிறது. களைத்தால் கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்ளும். நடை என்பது இப்படி நின்று, தடுமாறி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து வருவதுதான்.

வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். குழந்தை தானாகப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு கொடுத்தால் போதும். அடிப்பாகம் அகலமாக, பிடி குழந்தையின் நெஞ்சு உயரத்துக்குள் இருக்கட்டும். நம் ஃபிளாட்டுகளின் டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கி ஓடும். சக்கரத்துக்கு ரப்பர் பட்டை போடுங்கள், அல்லது பாய் விரித்து அதன்மேல் ஓட்டவிடுங்கள். சிராய், துருத்தும் ஆணி, உரியும் பெயின்ட் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், கடையில் வாங்கினால் அதைக் கவனியுங்கள். எது வாங்கினாலும் படிக்கட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்தி வையுங்கள். நடைவண்டி என்றாலும் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும், கையில் பேப்பர் இல்லாமல்.

என் பேத்திக்கு நடைவண்டிதான் வாங்கினோம். இப்போது அவள் ஓடுகிறாள்; வண்டி எங்கள் வீட்டு பால்கனியில் சும்மா நிற்கிறது. திடலில் என்னிடம் கேட்ட அம்மா வந்து எடுத்துக்கொள்ளலாம். பாப்பா நடந்த பிறகு அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.