மெஷ் வைஃபை: ஃபைபர் இணைப்புக்குப் புதிய தொகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

மெஷ் வைஃபை என்பது ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் வீடு முழுக்க இணையம் கிடைக்கும்படி இரண்டு மூன்று ரவுட்டர்களைச் சேர்த்து இயக்கும் அமைப்பு. இதற்கான 802.11எஸ் தரம் 2011-இல் வெளியானது. ஆனாலும் கடையில் விற்கும் தொகுப்புகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறையிலேயே இயங்குவதால், ஒன்றின் கருவி மற்றொன்றோடு சேர்வதில்லை. பழையதை மாற்றுபவர் முழுத் தொகுப்பையும் மாற்ற நேர்வது இதனால்தான். அப்படி மாற்றும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தைவிட, கருவிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புகொள்கின்றன என்பதே முக்கியம்.

திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி வட்டத்திலுள்ள கண்ணமங்கலம் போன்ற பட்டு நெசவு ஊரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்கூடத்தில் தறி, பின்னால் வரிசையாக அறைகள், கடைசியில் சமையலறை, மேலே ஒரு மாடி அறை என்று வீடு நீளவாக்கில் இருந்தால், ஃபைபர் வந்து இறங்கும் ஓஎன்டி பெட்டி வாசல் பக்கமே இருக்கும். அங்கிருந்து பின்கட்டுக்கு அலை போக ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் மூன்றையாவது கடக்க வேண்டும். மாடிக்கோ கம்பி கட்டிய கான்கிரீட் தளம் குறுக்கே நிற்கும். வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரில் அதிகம் வலுவிழக்கும். இரண்டாம் கருவி தரவைப் பெறுவதையும் அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்தால் கிடைக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே கருவிகளுக்கு இடையே கேட் 6 கேபிள் இழுப்பதே முதல் வழி. வாங்குமுன் போர்ட்டையும் பார்த்துவிட வேண்டும். 100 மெகாபிட் போர்ட் உள்ள மலிவுத் தொகுப்பில் 300 மெகாபிட் திட்டத்துக்குக் கட்டும் பணம் வீண்.

வைஃபை 7 வாங்கினால் கேபிளே வேண்டாமே என்பார்கள். ஆனால் அதன் சிறப்பான 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டுமே உண்டு. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த 2025 மே மாத வரைவு விதிகள் முன்வைத்தது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. அதற்குள் அத்தகைய தடம் ஒன்றுதான் அடங்கும். அந்த அலை சுவரைத் தாண்டுவது 5 கிகாஹெர்ட்ஸைவிடவும் கடினம். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதே என்பது நியாயமான மறுப்பு. அங்கே கதவோரமாகக் கேசிங் பட்டைக்குள் கேபிளைக் கொண்டுபோகலாம். அதற்கும் வழியில்லையென்றால், கருவிகளுக்கு இடையே தனி அலைவரிசை ஒதுக்கும் ட்ரை-பேண்ட் தொகுப்பை வாங்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவருக்கு மேல் வராதபடி வைக்க வேண்டும். ஓஎன்டியே ரவுட்டராகவும் இயங்கினால் புதிய தொகுப்பை, வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைப்பது நல்லது. மின்வெட்டுக்கு ஓஎன்டியோடு ஒவ்வொரு மெஷ் கருவிக்கும் சிறு யுபிஎஸ் தேவை. கேபிள் இழுக்க முடிந்த வீட்டுக்கு, கிகாபிட் போர்ட் உள்ள இரண்டு வைஃபை 6 கருவிகள் போதும்.